ஆடு தின்னாத பயிர்

தை கடைசியில் கதிர் அறுத்துக் களம் காலியானதும் எங்கள் பக்கம் வயலுக்கு வேலி என்று ஒன்று கிடையாது. வரப்பு இருக்கும், சர்வே கல் இருக்கும், பட்டாவில் பெயரும் இருக்கும். ஆனால் ஆவணியில் மறுபடி உழவு ஓடும் வரை அந்த நிலம் ஊர் ஆட்டுக்குத்தான். யார் ஆடும் யார் வயலிலும் மேயலாம். இதை யாரும் எழுதிவைக்கவில்லை. மீறி முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தால்தான் பேச்சு வரும். ராமநாதபுரம் மாவட்டத்தில் உப்பூருக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே கண்மாய்ப் பாசனத்தில் கிடக்கிற எங்கள் வயலுக்கும் இதே வழக்கம்தான்.

இந்த ஆறு மாதத் தரிசைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. எழுத வைத்தது என்னவோ போலந்தில் இருக்கும் ஒரு புல்.

அத்தை மகன் அங்கே லாரி ஓட்டுகிறான். எங்கள் கடற்கரையில் வீட்டுக்கு ஒருத்தர் சவூதி, துபாய் என்று இருந்த காலம் போய், இப்போது போலந்து, லித்துவேனியா என்று பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். போன மார்கழியில் ஒரு வீடியோ அனுப்பினான். சாலை ஓரத்தில் மரமெல்லாம் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கிறது, பள்ளங்களில் பனி கிடக்கிறது, அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் குட்டையாக ஒரு பச்சைப் பயிர். "மச்சான், இந்தக் குளிர்ல எவன் வெதச்சான் இத? நம்மூர்ல தண்ணி இல்லாமச் சும்மா போடுறோம், இங்க பனிக்குள்ள போட்டு வச்சிருக்கான்."

அது ரை. கோதுமைக்கும் பார்லிக்கும் பங்காளி முறையாகும் தானியம். புரட்டாசி வாக்கில் விதைக்கிறார்கள். மண் 1, 2 டிகிரி சூட்டில் இருந்தாலே முளைத்துவிடுகிறது, 4 டிகிரி இருந்தால் வளரவே ஆரம்பித்துவிடுகிறது. மேலே பனி மூடிக் கிடந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி குளிரைக்கூடத் தாங்கும். கோதுமை கருகிப்போகிற இடத்தில் இது உட்கார்ந்திருக்கும். பனி உருகியதும் மற்ற எல்லாப் பயிருக்கும் முன்னால் எழுந்து, ஆள் உயரம் போய்க் கதிர் விடும். மணல் மண்ணா, புளித்த மண்ணா, சத்தில்லாத மண்ணா, எதற்கும் முகம் சுளிப்பதில்லை. ஜெர்மனி, போலந்து, ரஷ்யாவின் வடக்குப் பகுதி எல்லாம் பல நூற்றாண்டுகளாக இதைத் தின்றுதான் பிழைத்தன.

இதன் பிறப்புக் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. ரை முதலில் யாரும் விரும்பி விதைத்த பயிர் அல்ல, கோதுமை வயலில் வந்த களை. 1916-ல் பாரசீகம், பாமீர் மலைப்பக்கம் போன ரஷ்ய விஞ்ஞானி நிகோலாய் வவிலோவ் இதைக் கவனித்தார். அடிவாரத்தில் கோதுமைக்குள் அங்கங்கே தலைகாட்டும் களையாக இருந்தது, மலை ஏற ஏறப் பங்கு கூடிக்கொண்டே போய், குளிர் மிகுந்த உச்சியில் வயல் முழுக்க அதுவே நிற்கிறது. கோதுமை செத்த வருஷங்களில் களையை அறுத்துத் தின்றவர்கள் பிறகு களையையே விதைத்தார்கள். பஞ்சத்தைத் தீர்க்க உலகம் முழுக்க விதை சேர்த்த அந்த மனிதர் 1943-ல் சரதோவ் சிறையில் பட்டினியால் செத்தார். அது தனிக் கதை.

ராமநாதபுரத்துக்காரனுக்கு இது புதுசில்லை. நெல்லுக்குள் முளைக்கிற குதிரைவாலிப் புல்லைக் கதிர் வரும்வரை நெல்லா புல்லா என்று பிரிக்கக் களையெடுக்கிற பெண்களுக்கே தடுமாறும். அந்தச் சாதிப் புல்லிலிருந்து வந்ததுதான் நாம் தின்கிற குதிரைவாலி. மழை ஏமாற்றுகிற வருஷத்தில் கமுதி, முதுகுளத்தூர் பக்கம் நெல்லை நம்பாமல் அதைத்தான் விதைப்பார்கள். அங்கே குளிர் செய்த வேலையை இங்கே வறட்சி செய்திருக்கிறது.

ஆனால் இன்றைக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ரை விதைக்கிறவர்களில் நிறையப் பேர் அதை அறுத்துத் தானியம் எடுப்பதே இல்லை. மக்காச்சோளம் அறுத்ததும் ஏக்கருக்கு 30 முதல் 50 கிலோ ரை விதையைப் போட்டு, வசந்தம் வரை நிலத்தை மூடி வைக்கிறார்கள். மூடுபயிர். வெற்று நிலத்தை மழையும் பனி உருகும் தண்ணீரும் அரித்துக்கொண்டு போகாமல் வேர் பிடித்துக்கொள்கிறது. மக்காச்சோளம் தின்று மிச்சம் வைத்த யூரியாச் சத்தை, நிலத்தடி நீருக்குள் இறங்கிவிடாமல் உறிஞ்சி இலையில் சேமித்து வைக்கிறது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் இதற்காகவே விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கிறது, செசபீக் விரிகுடாவுக்குள் உரச்சத்து கரைந்து போய்க் கடல் கெடக் கூடாது என்று.

வேர் என்று சொன்னேன் இல்லையா, அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1937-ல் அயோவாவில் ஹோவர்ட் டிட்மர் என்பவர் ஒரே ஒரு ரைச் செடியை ஒரு மரப்பெட்டியில் நான்கு மாதம் வளர்த்து, மண்ணைக் கழுவிவிட்டு வேரை அளந்தார். பெட்டிக்குள் இருந்த மண் இரண்டு கன அடிகூட இல்லை. வேர்களின் மொத்த நீளம் 620 கிலோமீட்டருக்கு மேல். இராமேஸ்வரத்திலிருந்து சாலை வழியே சென்னைக்குப் போகும் தூரத்தைவிட அதிகம். வேரில் இருக்கிற முடிகளைத் தனியாகக் கணக்குப் போட்டால் 10,000 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. இவ்வளவும் ஒரு செடிக்கு. மண் ஏன் அசையாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

குளிர்நாட்டுக்காரனுக்கு ரையில் இருக்கிற தலைவலி வேறு. அதை வளர்ப்பது பாடில்லை, கொல்வதுதான் பாடு. பூக்கும் முன் அறுத்தால் திரும்பத் தளிர்க்கும். அதனால் பூ வந்து மகரந்தம் பறக்கிற சமயம் பார்த்து, பட்டை பட்டையாக இரும்பு பற்றவைத்த கனமான உருளையை டிராக்டர் முன்னால் மாட்டி ஓட்டுகிறார்கள். தண்டு அறுபடாது, அங்கங்கே நசுங்கி மடங்கிப் படுத்துவிடும். படுத்தது படுத்ததுதான், பிறகு எழுந்திருக்காது. அந்தப் பாயின் மேலேயே சோயா விதைக்கிறார்கள். பாய் வெளிச்சத்தை மறைக்கும். போதாததற்கு ரையின் தழையிலிருந்து கசியும் ஒரு ரசாயனம் சின்னச் சின்னக் களை விதைகளை முளைக்க விடாது. சோயா பெரிய விதை, ஆழத்தில் கிடப்பது, தப்பித்து வந்துவிடும்.

கொல்கிற நாள் தள்ளிப்போனால் வேறு வம்பு. இளம் ரையில் கரிச்சத்து (கார்பன்) 26 பங்கு என்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கு இருக்கும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்களுக்கு 24-க்கு ஒன்று என்பது தோதான சாப்பாடு, ஆகவே சீக்கிரம் மட்கும். பூக்கும்போது அது 37 ஆகிவிடும். முற்றிக் காய்ந்த வைக்கோலில் 82. அதை மண்ணுக்குள் மடக்கினால் நுண்ணுயிர்கள் மட்க வைப்பதற்காக மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும், அடுத்து விதைக்கிற மக்காச்சோளம் வெளிறி நிற்கும். அதனால்தான் மக்காச்சோளத்துக்கு முன்னால் என்றால் 10 நாள், 2 வாரம் இடைவெளி விட்டு ரையை முடித்துவிடச் சொல்கிறார்கள். சோயா தனக்கு வேண்டியதைத் தானே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும், கவலையில்லை.

தானியமாகத் தின்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரை மாவில் கோதுமை மாவின் இழுவை கிடையாது. மாவைப் புளிக்க வைத்தால்தான் ரொட்டி பிசுபிசுக்காமல் வேகும். கறுப்பாக, கனமாக, புளிப்பாக வரும். போலந்தில் ரை மாவைக் கரைத்து நாலைந்து நாள் புளிக்க வைத்து 'ஜுரெக்' என்று ஒரு சூப் வைக்கிறார்கள். அத்தை மகன் முதல் வாய் குடித்துவிட்டு எனக்குப் போன் போட்டான், "மச்சான், நம்ம அப்பத்தா பானையில ஊத்தி வைக்கிற கம்பங்கூழேதான். உள்ள முட்டையும் கறியும் போட்டுக் குடுக்கிறாக." புளிக்க வைத்த கூழுக்குள் முட்டை போடுவார்களா என்று அத்தை இன்னும் நம்பவில்லை.

கம்புக்கும் ரைக்கும் நோயில்கூட உறவு உண்டு. கம்பங்கதிரில் தேன் ஒழுகல் நோய் பார்த்திருப்பீர்கள். பூக்கிற நேரத்தில் மப்பும் ஈரமுமாக இருந்தால் கதிரிலிருந்து தேன் மாதிரிப் பிசுக்கு வடியும், பிறகு மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த கட்டிகள் நிற்கும். ரைக்கு வருவது அதே குடும்பத்துப் பூஞ்சை, ஊதா கலந்த கறுப்பில் மணியைவிட நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். எர்காட் என்பார்கள். அதை மாவோடு சேர்த்து அரைத்துத் தின்ற இடைக்கால ஐரோப்பாவில் கைகால் எரிந்து, கறுத்து, அழுகி விழுந்தது, ஊர் ஊராக வலிப்பு வந்து செத்தார்கள். அதே பூஞ்சையிலிருந்துதான் பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்தும் வந்தது. அந்த மருந்துக்காக நம் நீலகிரியிலும் ஒரு காலத்தில் ரை விதைத்து, அதில் நோயை வேண்டுமென்றே பரப்பி, எர்காட் எடுத்திருக்கிறார்கள். கம்பு விதையில் அந்தக் கட்டிகளை நீக்க நம் வேளாண்துறை சொல்லும் வழி 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ கல்லுப்பைக் கரைத்து விதையைக் கொட்டுவது. கட்டி மிதக்கும், அரித்து எடுத்துவிட்டு விதையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வாலிநோக்கத்தில் உப்பளத்தை வைத்துக்கொண்டு இதற்கு மருந்துக்கடைக்குப் போகிறவர்கள் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

சரி, இந்த ரையை இங்கே விதைத்தால் என்ன? ஒன்றும் நடக்காது. குளிர்கால ரைக்குக் கதிர் வர வேண்டும் என்றால் பல வாரம் 10 டிகிரிக்குள் குளிர் படவேண்டும். எங்கள் கடற்கரையில் மார்கழி விடியலில்கூட 20-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். உப்பூர்ப் பிள்ளையாருக்கே வெயிலுகந்த விநாயகர் என்றுதான் பேர். முளைத்தாலும் புல்லாகவே நின்று பங்குனி வெயிலில் காய்ந்துவிடும். கதிர் வேண்டாம், தழைதான் வேண்டும் என்று சொன்னாலும், அந்தத் தழைக்கு இங்கே முதல் எதிரி வெயில்கூட இல்லை. இரண்டாம் நாள் காலையில் ஆடு முடித்துவிடும்.

மூடுபயிரைப் பற்றிப் படிக்கிறபோது யாரும் சொல்லாமல் விட்டுவிடுகிற விஷயம் இதுதான். ரையை அங்கேயும் மாடு மேய்கிறது, விரும்பியே மேய்க்கிறார்கள். ஆனால் அது சொந்த வேலிக்குள், சொந்த மாடு, அவர் திறந்துவிடுகிற நாளில். பனிக்காலத்தில் அந்த நிலத்தை வேறு யாரும் கேட்டு வருவதில்லை. எங்கள் ஊர்த் தரிசு சும்மா கிடப்பதாக நிலக்காரனுக்கும் வேளாண் அதிகாரிக்கும் தோன்றலாம், ஆட்டுக்காரனைக் கேட்டால் அதுதான் அவனுக்குப் போகம். நிலமில்லாதவர்கள் நாலு ஆடு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைப்பது இந்த ஆறு மாதத்தை நம்பித்தான். ஊர் ஊராக மந்தை ஓட்டுகிற கீதாரிகள் டெல்டாவுக்குப் போகும் முன் எங்கள் வயல்களில் கிடை போடுவதும், அதாவது ராத்திரி ஆட்டை வயலில் அடைத்துப் படுக்க வைப்பதும், இப்போதுதான். கிடை விழுந்த வயலில் அடுத்த வருஷம் நெல் எப்படி நிற்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதையெல்லாம் அடைத்துவிட்டுத்தான் பயிர் வைக்க வேண்டும் என்றால் அந்தப் பயிர் எனக்கு வேண்டாம்.

அப்படியானால் வெறுமனே போடலாமா என்றால், பங்குனியில் என் வயலின் கீழ்மூலைக்கு வாருங்கள். கண்மாய்த் தண்ணீர் வற்றி, அறுத்த தாள் காய்ந்து, மண் வெடித்துக் கிடக்கும். வெடிப்பின் விளிம்பெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். அடியில் இருக்கிற உவர் ஈரம் மண்ணின் நுண்துளை வழியே மேலே ஏறி வருகிறது. வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிட்டுப் போகிறது. மண் எவ்வளவு நாள் வெறிச்சென்று கிடக்கிறதோ அவ்வளவு உப்பு மேலே சேரும். கொஞ்சம் நிழல் விழுந்தால், கொஞ்சம் சருகு மூடினால், ஏறுவது குறைகிறது. அதே மூலையில் ஒரு ஆவாரஞ்செடிக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள், உப்பு இருக்காது.

அந்த ஆவாரைக்கு ஒரு குணம். ஆடு அதை நாடிப் போகாது. எருக்கும் அப்படி. கடலோர மணலைப் பிடித்து வைத்திருக்கிற இராவணன் மீசையை எதுவும் வாயில் வைக்க முடியாது, ஊசி. சீமைக் கருவேலம் எல்லாரையும்விடக் கெட்டிக்காரன். இலையை ஆடு தொடாது, காயை ஆசையாகத் தின்னும், விதையைப் புழுக்கையோடு கொண்டுவந்து என் வயலில் போடும். இரண்டு வருஷம் உழவில்லாமல் போடுகிற நிலத்தில் யார் மூடுபயிர் வைக்கிறார்கள் என்று ராமநாதபுரத்தில் கேட்க வேண்டுமா? கரிமூட்டம் போடுகிறவர்களிடம் கேட்டால் ஏக்கர் கணக்குச் சொல்வார்கள். கோடையில் எங்கள் மண்ணில் தழையோடு நிற்கிற எல்லாச் செடியும் ஆட்டோடு ஏதோ ஒரு வகையில் சமாதானம் பேசிக்கொண்டவை.

அந்த வரிசையில் மண்ணுக்கும் கொடுக்கிற செடி கொழிஞ்சி. கண்மாய்க் கரையில், பொறம்போக்கில் தானாக முளைத்து முழங்கால் உயரத்துக்கு ஊதாப்பூ பூத்து நிற்கிறதே, அதுதான். அடையாளம் தெரியாதவர்கள் ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நேராகக் கிழியாது, நரம்பின் சாய்வோடு அம்புமுனை வடிவத்தில் பிய்ந்து வரும். அடையாளத்துக்கு அது போதும். பயறு வகை, அதனால் ரையைப் போல இருக்கிற சத்தைச் சேமிப்பதோடு நிற்காமல் வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும். ஆழ வேர், மழையில்லாமல் நிற்கும். தண்ணீர் தேங்கினால் மட்டும் தாங்காது. ஒருபோக நிலத்துக்கு என்றே சொல்லப்பட்ட பசுந்தாள் உரம். விதையின் தோல் கல் மாதிரி, அப்படியே தூவினால் பாதி தூங்கிவிடும். மணலோடு சேர்த்துச் சாக்கில் போட்டுத் தேய்த்தோ, வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டெடுத்தோ விதைக்க வேண்டும். ஒருமுறை நின்று காய் வெடித்துவிட்டால் பிறகு விதை வாங்கும் செலவே இல்லை, வருஷா வருஷம் தானாக வரும்.

தக்கைப்பூண்டு இதைவிட வேகமாக வளரும், உவரையும் தாங்கும், தேங்கிய தண்ணீரிலும் நிற்கும். ஆனால் தரிசில் போட்டால் கொழுந்தை ஆடு கடித்துவிடும். அதன் இடம் ஆவணியில், புழுதியில் நெல் விதைக்கும்போது ஊடாக விதைத்து, ஒரு மாதம் தாண்டி மழைத்தண்ணீர் நின்றதும் அமுக்கிவிடுவது. அப்போது வயலுக்குக் காவல் உண்டு. சணப்பையும் தரிசில் ஆடு விடாது.

போன மாசியில் கிடை போட வந்த கீதாரியிடம் பேச்சுக் கொடுத்தேன். "அண்ணே, அடுத்த வருசம் இந்த மேவயல்ல கொழிஞ்சி நிக்கட்டும்னு இருக்கேன். ஆட்டுக்கு எரை போச்சேனு கோவிச்சுக்க மாட்டீகளே?"

"அட நீங்க ஒண்ணு தம்பி. கொழிஞ்சிய ஆடு மோந்து பாத்துட்டு அது பாட்டுக்குப் போயிரும். அதுக்கு ஊடால நெழல்ல புல்லு பசபசன்னு கெடக்கும் பாருங்க, வெத்து வயல்ல அது ஏது? எனக்கு அதுவே போதும். கெடைய மட்டும் கீழ வயல்ல போட்டுக்குவம், செடிக்குள்ள ஆடு படுக்காது."

நான் படித்த எந்த ஆங்கிலக் கட்டுரையிலும் இந்தக் கடைசி விவரம் இல்லை. கிடைக்கு வெற்றிடம் வேண்டும், கொழிஞ்சிக்கு இடம் விடவேண்டும். ஆகவே மேவயல் கொழிஞ்சிக்கு, கீழ்வயல் கிடைக்கு, அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால் கீழ்வயலில்தான் உப்புப் பூக்கிறது, ஆனால் அங்கே மார்கழியில் தேங்குகிற தண்ணீர் சீக்கிரம் வடியாது, கொழிஞ்சி நாற்றிலேயே அழுகும். அந்த மூலைக்கு நெல்லோடு தக்கைப்பூண்டும், மேலே வைக்கோல் மூடாக்கும்தான் சரி. வைக்கோலை விற்காமல் விடுவதற்கு வீட்டில் இன்னும் சம்மதம் வாங்கவில்லை.

விதைக்கிற நாளில்தான் ரை எனக்கு உண்மையில் உதவியது. அங்கே மக்காச்சோளம் நிற்கும்போதே அதன் ஊடாக ரையைத் தூவிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அறுவடை முடியும்வரை காத்திருந்தால் சூடு போய்விடும் என்பதால். எங்களுக்கு அறுவடை முடியும்வரை காத்திருந்தால் ஈரம் போய்விடும். நெல் பழுத்துத் தலை சாய்ந்ததும், அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் கதிருக்குள் கொழிஞ்சியைத் தூவிவிட வேண்டும். அறுவடை இயந்திரத்தின் சங்கிலி ஏறினாலும் முளை பிழைத்துக்கொள்ளும், காய்ந்த மண் என்றால் அதுவும் பிழைக்காது. ஆரம்பத்தில் மந்தமாகத்தான் வளரும், சித்திரையில் ஒரு கோடைமழை கிடைத்தால் தூக்கிக்கொடுக்கும். ஆடிக் காற்று அடங்கியதும், தண்டு முழுக்க விறகாகும் முன்னால் மடக்கி உழுதுவிட்டுப் புழுதி விதைப்புக்குப் போகலாம்.

அத்தை மகன் ஆவணியில் லீவுக்கு வருகிறான். ரை விதை ஒரு கிலோ கொண்டு வரவா என்று கேட்டான். முறையான அனுமதியும் சான்றிதழும் இல்லாமல் விதையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள் என்று சொன்னேன். அதற்குப் பதில், ரையை மடக்குகிற அந்த உருளை எங்காவது கண்ணில் பட்டால் பக்கத்தில் போய்ப் பட்டைகளுக்கு நடுவில் எத்தனை அங்குல இடைவெளி, என்ன கனத்தில் இரும்பு என்று தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கொழிஞ்சித் தண்டு அதற்கு மடங்குமா, நிமிர்ந்துகொள்ளுமா என்று பார்க்க வேண்டும். ஆர்.எஸ்.மங்கலத்தில் பட்டறை வைத்திருப்பவர் அளவு கிடைத்தால் பழைய தார் டிரம்மிலேயே அடித்துத் தருகிறேன் என்கிறார், உள்ளே தண்ணீர் நிரப்பினால் கனம் வந்துவிடுமாம்.